சுருதியைத் திருத்தும் கணிதம்: ஒரு விமரிசனம்

சுரமானிச் சோதனை நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின்மேல் ஊன்றி, கம்பியில் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும் நீளத்தை மாணவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு மாணவி சிறு வயது முதல் வாய்ப்பாட்டுக் கற்று வருபவர். சோதனை முடிந்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் சுருதி சரிபார்க்கும் செயலி ஒன்று இருந்தது. தோடி ராகத்தில் அவர் பாடிய ஒரு வரியைக் கேட்டுவிட்டு, காந்தாரம் வந்த இடங்களில் எல்லாம் அது சிவப்புக் கோடு இட்டிருந்தது.

“பாட்டு டீச்சர் சரி என்கிறார்கள், சார். இது தவறு என்கிறது. இது கணக்குப் போட்டுத்தானே சொல்கிறது? கணக்கு எப்படித் தவறும்?”

நல்ல கேள்வி. அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறேன். கணிதத்தின்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை வைத்துச் செய்யப்பட்ட கருவிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தம்புராவின் ஒரு தந்தியை மீட்டிவிட்டு உற்றுக் கேளுங்கள். ஒரே சுரம் என்று தோன்றும் ஒலிக்குள் பல சுரங்கள் அடுக்கடுக்காக எழுந்து மறைவது தெரியும். அடிப்படை அதிர்வெண் 120 ஹெர்ட்ஸ் எனில் 240, 360, 480, 600 என்று மேற்சுரங்களும் உடன் ஒலிக்கின்றன. ஐந்தாவதான 600 ஹெர்ட்ஸ் அந்தர காந்தாரமே. காந்தாரத்திற்கென்று தம்புராவில் தந்தி கிடையாது. ஆயினும் காந்தாரம் கேட்கிறது! காது செய்யும் இந்தப் பிரித்தறிதலைத் தாளில் செய்து காட்டும் முறைக்கு ஃபூரியர் பகுப்பு என்று பெயர்.

பிரெஞ்சு நாட்டவரான ஜோசப் ஃபூரியர் இசையை ஆராய்ந்தவர் அல்லர். வெப்பம் ஓர் உலோகத் தகட்டில் எவ்வாறு பரவுகிறது என்பதை ஆராய்ந்தவர். எந்த வடிவமுள்ள வளைகோட்டையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று 1807ஆம் ஆண்டு அவர் ஒரு கட்டுரையில் கூறியபோது, லக்ராஞ்சி போன்ற பெரியவர்களே ஏற்க மறுத்தார்கள். அவருடைய நூல் 1822இல்தான் வெளிவந்தது. அந்த மறுப்பு முற்றிலும் வீணானதும் அன்று. எந்த நிபந்தனையில் அக்கூற்று பொருந்தும் என்பதைத் தெளிவாக்கக் கணித அறிஞர்களுக்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

தாளில் எளிதாயிருந்த பகுப்பு, எண்களில் இறங்கியபோது மலைக்க வைத்தது. 1024 அளவீடுகள் கொண்ட ஓர் ஒலித் துண்டை நேராகப் பகுக்க ஏறத்தாழ 10,48,576 பெருக்கல்கள் வேண்டும். 1965இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் முறையில் இது சுமார் 10,240 என்னும் அளவுக்குக் குறைந்தது. கைப்பேசித் திரையில் ஒலிக்கு ஏற்பத் துள்ளும் வண்ணப் பட்டைகள் இந்தச் சிக்கனத்தின் பயன். ஜெர்மானியக் கணித மேதை காஸ் இதே உத்தியை 1805 அளவிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும்போது எழுதி வைத்திருந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. இன்னொரு செய்தியும் உண்டு. 1960களில் இந்த விரைவு முறைக்குத் தூண்டுதலாக இருந்தவற்றுள் ஒன்று, பூமிக்கு அடியில் நடத்தப்படும் அணுகுண்டுச் சோதனையை நில அதிர்வைக் கொண்டு கண்டுபிடிக்கும் முயற்சி. நாம் இப்போது பார்க்கப்போகும் சுருதி திருத்தும் கருவியும் நில அதிர்வு ஆய்விலிருந்தே வந்தது.

ஆண்டி ஹில்டபிராண்ட் அமெரிக்கப் பொறியியலறிஞர். எண்ணெய் நிறுவனத்திற்காகப் பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளைக் கணக்கிட்டு, அடுக்குகளின் அமைப்பைக் கண்டறியும் பணியில் இருந்தவர். புல்லாங்குழல் வாசிப்பவர். அப்பணியை விட்டபின் இசையமைப்பு பயின்றார். 1997இல் அவருடைய நிறுவனம் ‘ஆட்டோ-டியூன்’ என்னும் மென்பொருளை வெளியிட்டது. பாடகரின் குரல் சுருதியிலிருந்து விலகினால் அதை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்துவது அதன் வேலை. இன்று ‘ஆட்டோ-டியூன்’ என்னும் சொல், அவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் பொதுப்பெயர்போல் ஆகிவிட்டது.

இதை ஃபூரியர் பகுப்பின் வெற்றி என்று பலரும் எழுதுகிறார்கள். இங்கே ஒரு திருத்தம் தேவை. குரலின் சுருதியைக் கண்டுபிடிக்க ஹில்டபிராண்ட் கையாண்டது வேறொரு வழி: அலையை அதனுடனேயே ஒப்பிடுதல். நீங்களே செய்து பார்க்கலாம். மெல்லிய எண்ணெய்த் தாள் இரண்டில் ஒரே அலையை, அதன் மேடு பள்ளங்களோடு, நான்கைந்து சுற்றுகள் வரையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து மேல்தாளைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். முதலில் கோடுகள் விலகும், குழம்பும், ஒரு குறிப்பிட்ட தூரம் நகர்ந்ததும் மீண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். அந்தத் தூரமே அலையின் ஒரு சுற்று. வினாடியை அதனால் வகுத்தால் சுருதி.

உரத்து ஒலிக்கும் சைன் அலை எதுவோ அதுவே சுருதி என்று எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். தவறு நேரும். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்சுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ பெரும்பாலும் 100, 120 ஹெர்ட்ஸ். ஆயினும் தொலைபேசியில் தந்தையின் குரல் மகனின் குரலாக மாறிவிடுவதில்லை! அடிப்படை அலை வராவிட்டாலும், 360, 480, 600 என்னும் மேற்சுரங்களின் கூட்டு அலை வினாடிக்கு 120 முறை தன்னைத் தானே திரும்பச் செய்கிறது. காது அதைப் பிடித்துக்கொள்கிறது. தாளை நகர்த்தும் முறையும் அதைப் பிடித்துக்கொள்கிறது. உரத்த அலையைத் தேடும் முறை ஏமாந்துபோகிறது.

ஃபூரியரை முற்றிலும் விட்டுவிட்டதாகவும் சொல்ல முடியாது. ஓர் அலையைத் தன்னோடு ஒப்பிட்டு வரும் வளைகோடும், அவ்வலையின் ஆற்றல் எந்தெந்த அதிர்வெண்களில் பங்கிடப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் வளைகோடும், ஃபூரியர் மாற்றத்தால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பெறத்தக்கவை. 1930இல் நார்பர்ட் வீனரும் 1934இல் கின்சினும் காட்டிய உண்மை இது. நடைமுறையில் மட்டும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 200 ஹெர்ட்சில் ஒரு அரைச்சுரம் ஏறினால் 12 ஹெர்ட்ஸ்தான் கூடும். அடுத்தடுத்த இரண்டு அடிப்படை அலைகளை ஃபூரியர் பகுப்பில் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால், வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரமாவது காத்திருந்து கேட்க வேண்டும். ஒப்பிடும் முறைக்கோ இரண்டு சுற்றுகள் போதும். அதாவது வினாடியில் நூறில் ஒரு பங்கு. ஒப்பிடுவதற்கு வேண்டிய ஏராளமான பெருக்கல்களை ஹில்டபிராண்ட் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யவில்லை. பழைய கூட்டுத்தொகையில் புதிதாக வந்ததைக் கூட்டி, பழையதைக் கழித்துக்கொண்டே சென்றார். அதனால் பாடும்போதே திருத்துவது இயலுவதாயிற்று.

இதுவரை எனக்குப் பாராட்டு மட்டுமே. குரலின் சுருதியை இவ்வளவு விரைவாக, இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி இருபதாம் நூற்றாண்டின் நல்ல கணக்குகளில் ஒன்று. இயற்பியல் மாணவன் எவனும் இதை ஒரு முறையாவது தானே எழுதிப் பார்க்க வேண்டும்.

குறை அடுத்த படியில் தொடங்குகிறது. அளந்த சுருதியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? இதற்கு விடை கணிதத்தில் இல்லை. யாரோ ஒருவர் ஓர் ஏணியைச் செய்து கொடுக்க வேண்டும். இத்தகைய கருவிகளில் பொதுவாக முதலில் தரப்படும் ஏணி, பியானோவின் பன்னிரண்டு சம இடைவெளிப் படிகள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு அதிர்வெண் 1.0595 மடங்கு. எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் ஒரே மாதிரி வாசிக்கலாம் என்னும் வசதிக்காக மேலை நாட்டினர் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடு இது. உடன்பாடு என்பதால் ஒவ்வொரு சுரத்திலும் சிறிதளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்ப்போம். சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று கொள்ளுங்கள். தம்புராவோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம் அதன் நான்கில் ஐந்து மடங்கு, அதாவது 300 ஹெர்ட்ஸ். பன்னிரண்டு சமப் படிகளில் அதே காந்தாரம் 302.4 ஹெர்ட்ஸ். வேறுபாடு 2.4 ஹெர்ட்ஸ்தானே என்று விட்டுவிட வேண்டாம். சட்ஜத்தின் ஐந்தாவது அலை 1200 ஹெர்ட்ஸ். 300 ஹெர்ட்ஸ் காந்தாரத்தின் நான்காவது அலையும் 1200. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. காந்தாரத்தை 302.4க்குத் தள்ளினால் நான்காவது அலை 1209.5 ஆகிவிடுகிறது. வினாடிக்கு ஒன்பது, பத்து விம்மல்கள்! பாடகர் சரியாக நிறுத்திய சுரத்தைக் கருவி பிடித்து இழுத்து, விம்மல் உண்டாகும் இடத்தில் வைத்து, “சரி” என்று பச்சை விளக்குக் காட்டுகிறது. விம்மல்களைக் கொண்டு இசைக்கவைகளைச் சரிபார்க்கும் சோதனையைச் செய்த மாணவர்களுக்கு, இதில் உள்ள வேடிக்கை உடனே விளங்கும்.

கருவியின் சார்பாகப் பேசுபவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஏணியை மாற்றிக்கொள்ளலாம் என்பதே அது. உண்மைதான். இயல்பான விகிதங்களில் அமைந்த ஏணியும், இந்திய இசைக்கென்று 22 படிகள் கொண்ட ஏணியும்கூட ஆட்டோ-டியூன் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மேலே சொன்ன காந்தாரப் பிழை இதனால் தீரும். என் மாணவியின் காந்தாரம் தீருமா?

தீராது. தோடியின் காந்தாரம் ஒரு படியில் நிற்கும் சுரம் அன்று. மத்தியமத்தை நோக்கி எழும்பி, ரிஷபத்தின் பக்கம் தாழ்ந்து, மீண்டும் எழும்பும் அசைவு அது. அந்த அசைவு முழுவதையும் சேர்த்தே காந்தாரம் என்கிறோம். பெயர் குறிக்கும் இடத்தில் குரல் தங்கும் நேரம் மிகக் குறைவு. கடந்து செல்லும்போது தொட்டுச் செல்வதோடு சரி. படிகளை 12இலிருந்து 22 ஆக்கினாலும், 220 ஆக்கினாலும், இங்கே நிலைமை ஒன்றே. ஊஞ்சலில் ஆடுபவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டு, சரியான இடத்தில் இல்லை என்று மதிப்பெண் குறைப்பது போன்றது. ஆடும் பாதையைப் பாராமல் நிற்கும் இடத்தைத் தேடும் கருவிக்கு, கமகம் முழுவதும் பிழையாகத்தான் தெரியும்.

ஆட்டோ-டியூனில் இழுக்கும் வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மெதுவாக இழுத்தால் பாடகரின் அசைவுகள் ஓரளவு தப்பும். வேகமாக இழுத்தால் சுரங்கள் மாடிப்படிகளாகிவிடும். இழுக்கும் நேரத்தைச் சுழி ஆக்கினால் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்காமல் தாவும். அமெரிக்கப் பாடகி ஷெர் 1998இல் வெளியிட்ட ‘பிலீவ்’ பாடலில் இதை வேண்டுமென்றே செய்தார்கள். எப்படிச் செய்தோம் என்பதை முதலில் மறைத்து, வோகோடர் வகைக் கருவியால் என்று தயாரிப்பாளர்கள் கதை சொன்னார்கள்; தொழில் ரகசியம்! பழைமையில் பற்றுடைய என் நண்பர்கள் சிலர் அப்பாடலைக் கருவியின் சீரழிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. அங்கே கருவி தன் முகத்தைக் காட்டி நிற்கிறது. கேட்பவர் எவரும் ஏமாறவில்லை. ஹார்மோனியத்திற்கு ஓர் ஒலி உண்டு என்பதுபோல், இதற்கும் ஓர் ஒலி உண்டு என்று ஏற்றுக்கொள்ளலாம்.

மறைவாகத் திருத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது. திருத்தியது தெரியாத ஒலிப்பதிவைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அதுவே மனிதக் குரலின் அளவுகோலாக அமைந்துவிடுகிறது. பிறகு அந்த அளவுகோலைக் கொண்டே தன் குரலையும் ஆசிரியரின் குரலையும் அளக்கிறது. என் மாணவி செய்ததும் இதுதான். இன்னும் கொஞ்சம் நாள் விட்டிருந்தால், சிவப்புக் கோடு வராமல் பாடப் பழகியிருப்பார், தோடி போயிருக்கும்.

எல்லாக் கருவிகளும் இப்படி அல்ல. எம்பி3 முறையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுந்தட்டில் ஒரு வினாடி இசைக்கு 14,11,200 பிட்டுகள் வேண்டும். ஜெர்மனியின் எர்லாங்கனில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் உருவாக்கிய இம்முறை, அதை 1,28,000 பிட்டுகளில் அடக்கிவிடும். ஒலியை ஃபூரியர் வழியைச் சார்ந்த ஒரு மாற்றத்தால் அதிர்வெண்களாகப் பிரித்து, உரத்த சுரத்தின் அருகே மறைந்துபோகும் மெல்லிய சுரங்களைத் தாராளமாகக் கைவிடுவது இதன் தந்திரம். எதைக் கைவிடலாம் என்பதற்கு அவர்கள் காதையே நீதிபதியாக வைத்தார்கள். மனிதர்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்து, மீண்டும் மீண்டும் திருத்தினார்கள். சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாடலில் பக்கவாத்தியம் இல்லாத தனிக்குரல், அவர்களுடைய முறையைப் படாத பாடு படுத்தியது. அதைக் கேட்டுக் கேட்டே முறையைச் செப்பனிட்டார்கள். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

குறை இதிலும் உண்டு. ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துப் பகுக்கும்போது, துண்டுக்குள் எந்த நொடியில் என்ன நடந்தது என்பது மங்கிவிடுகிறது. மிருதங்கத்தில் ஓர் அடி துண்டின் இறுதியில் விழுந்தால், சுருக்கியதால் வந்த பிழை துண்டு முழுவதிலும் பரவி, அடி விழுவதற்கு முன்பே மெல்லிய சரசரப்பாகக் கேட்கும். பின்விளைவு முன்னால் வருவது இயற்பியலுக்கு ஒவ்வாத காட்சி! இதைத் தவிர்க்க, திடீர் ஒலி வரும் இடங்களில் துண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்கிறார்கள். காலத்தைக் கூர்மையாகப் பார்த்தால் அதிர்வெண் மங்கும். அதிர்வெண்ணைக் கூர்மையாகப் பார்த்தால் காலம் மங்கும். இதை 1946இல் டென்னிஸ் காபர் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். அந்த இழுபறியை இவர்கள் மறைக்கவில்லை, அதற்கேற்ப நடந்துகொண்டார்கள்.

மாறாக, தம்புராவின் கதையைக் கேளுங்கள். 2020இல் ஊரடங்கின்போது பாட்டு வகுப்புகள் கைப்பேசி வழியாகவும் கணிப்பொறி வழியாகவும் நடந்தன. ஆசிரியர் தம்புராவை மீட்டுவார். மறுமுனையில் தம்புரா இரண்டொரு வினாடிகள் கேட்கும். பிறகு தேய்ந்து மறையும். பாடத் தொடங்கினால் குரலும் நீட்டி நிற்கும் இடங்களில் விட்டு விட்டுக் கேட்கும். இணைப்பில் கோளாறு என்று பலரும் எண்ணினார்கள். உண்மையில், இரைச்சலை நீக்கும் பகுதிதான் தன் கடமையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. 1979இல் ஸ்டீவன் போல் விவரித்த முறையின் அடிப்படை இது: பேச்சு இல்லாத நேரத்தில் இருக்கும் ஒலியின் அதிர்வெண் பங்கீட்டை அளந்து வைத்துக்கொண்டு, பிறகு வருவதிலிருந்து அதைக் கழித்துவிடுவது. மின்விசிறியும் குளிரூட்டியும் மாறாமல் ஒலிப்பவை. பேச்சு மாறிக்கொண்டே இருப்பது. ஆகவே மாறாதது இரைச்சல். இன்றைய செயலிகள் இதைவிடச் சிக்கலான வழிகளைக் கையாளுகின்றன. பேச்சு வேண்டியது, மற்றது வேண்டாதது என்னும் முடிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

தம்புரா மாறாமல் ஒலிப்பதற்கென்றே செய்யப்பட்ட வாத்தியம். வளைந்த குதிரையும் தந்திக்கடியில் செருகும் நூலும் சேர்ந்து அதன் மேற்சுரங்களை எப்படி வளப்படுத்துகின்றன என்பதை 1921இலேயே சி. வி. இராமன் ஆராய்ந்து எழுதினார். தந்தியை மீட்டும் இடத்தில் கணு உள்ள மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது அதுவரை பாடநூல் விதி. தம்புராவில் அவையும் ஒலிப்பதை அவர் கண்டார். அவ்வளவு நுட்பமான வாத்தியத்தை மின்விசிறியோடு சேர்த்துக் கணக்கில் கழித்துவிட்டார்கள்! இதில் கழித்தல் தவறவில்லை. எதைக் கழிப்பது என்று தீர்மானித்தவர்களின் அறையில் தம்புரா இல்லை. நல்ல வேளையாக, சில செயலிகளில் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. பாட்டு வகுப்புக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துபவர்கள் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் அந்த மாணவியும் நானும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, அவர் பாடிய வரியைப் பதிவு செய்தோம். மதிப்பெண் போடாமல் சுருதியை மட்டும் அளந்து தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கொண்டு, வினாடிக்கு நூறு அளவுகள் வீதம் எடுத்து, காலத்திற்கு எதிராக வரைந்தோம். ரிஷபம், காந்தாரம், மத்தியமம் மூன்றிற்கும் கிடைக்கோடுகள் போட்டுக்கொண்டோம். வளைகோடு காந்தாரக் கோட்டைப் பலமுறை வெட்டிச் சென்றது. அதன்மேல் ஓரிடத்திலும் படுத்துக்கொள்ளவில்லை. அவருடைய பாட்டு ஆசிரியர் அதே வரியைப் பாடிய பதிவு ஒன்றும் கைப்பேசியில் இருந்தது. அதையும் வரைந்தோம். ஆசிரியரின் வளைகோட்டில் மேல் முகடுகள் மத்தியமத்தை எட்டி வளைந்தன. மாணவியின் முகடுகள் இரண்டு இடங்களில் எட்டாமல் திரும்பியிருந்தன. செயலி காட்டிய பத்துப் பதினைந்து சிவப்புக் கோடுகளில் அந்த இரண்டு இடங்களுக்கென்று தனிக் குறி எதுவும் இல்லை.

மாணவி அவ்விரண்டு இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டு, தாளை மடித்துப் பாட்டு வகுப்புக்கு எடுத்துச் சென்றார்.